மத்தியானம் தொட்டியில் தண்ணீர் ஏறுவது ஏன்?

வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், சென்சரில் இருந்து வரும் அளவுகளைக் கணினியில் கோடாகப் பார்க்கலாம் என்று போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வாழைச்சேனையில் இருந்து திருக்கோவில் வரைக்கும் கேள்விகள் வந்திருக்கின்றன. சந்தோஷம். இந்த முறை வேறு விஷயமே இல்லை, முழுக்க இதுதான். பதில்களில் "நேரத்தையும் எழுதி வையுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், அலுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூடியில் அல்ட்ராசொனிக் சென்சர் ஒன்றைப் பூட்டி, சென்சரை வாசித்துக் கணினிக்கு எண் அனுப்பும் ஆர்டுயினோ என்ற சின்னப் போர்டு வழியாக லப்டொப்பில் நீர்மட்டத்தைக் கோடாகப் போடுகிறேன். யாரும் மோட்டார் போடாத நாளில்கூட மத்தியானம் மட்டம் 3 செ.மீ ஏறுகிறது, பின்னேரம் திரும்ப இறங்குகிறது. பக்கத்து வீட்டுக் குழாய் எங்கேயோ எங்கள் தொட்டியோடு சேர்ந்திருக்கிறது என்கிறார் வாப்பா. சென்சர் பழுதா?
– உயர்தர மாணவர், நிந்தவூர்

பதில்: தம்பி, சென்சரும் பழுதில்லை, குழாயும் சேரவில்லை, முதலில் வாப்பாவிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அந்தச் சென்சருக்குத் தூரம் என்றால் என்னவென்றே தெரியாது. 40 கிலோஹேர்ட்ஸில், காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்பிவர எத்தனை மைக்ரோசெக்கன் எடுத்தது என்று மட்டும் அது சொல்கிறது. அந்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்து, சென்ரிமீற்றர் ஆக்குவது உங்கள் புரோகிராம். அதில் ஒலியின் வேகத்தை ஒரே எண்ணாக எழுதி வைத்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் காற்று சூடாகச் சூடாக ஒலி வேகமாக ஓடும்: 0 பாகையில் செக்கனுக்கு 331.3 மீற்றர், அதற்குமேல் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறக்குறைய 0.6 மீற்றர் கூடும்.

இனி உங்கள் தொட்டிக்கு வருவோம். கறுப்புத் தொட்டி, மேலே நிழல் இல்லை. விடிய 25 பாகையில் இருந்த உட்காற்று மத்தியானம் 40 ஐத் தொடுகிறது என்று வையுங்கள், வேகம் 346.5 இல் இருந்து 355.5 க்குப் போய்விடும். எதிரொலி கொஞ்சம் கெதியாகத் திரும்பி வருகிறது, தண்ணீர் கிட்ட வந்துவிட்டது என்று புரோகிராம் எடுத்துக்கொள்கிறது. மூடிக்கும் தண்ணீருக்கும் இடையில் 110 செ.மீ காற்று இருந்தால் அது 107 என்று கணக்கு வரும். உங்கள் 3 செ.மீ அங்கேதான் இருக்கிறது.

மருந்து லேசு. டி.எஸ்.18பி20 என்ற வெப்பநிலைச் சென்சர், தண்ணீர் புகாத உலோகக் குழாய்க்குள் அடைத்தே கடையில் விற்கிறார்கள், அதில் ஒன்றைத் தொட்டிக்குள் காற்றில் தொங்கவிட்டு, ஒவ்வொரு முறையும் அந்த வெப்பநிலையை வைத்து ஒலியின் வேகத்தைப் புதிதாகக் கணக்குப் போட வையுங்கள். வெப்பநிலையையும் நீர்மட்டத்தையும் ஒரே வரைபில் இரண்டு கோடாகப் போட்டுப் பார்த்தால், திருத்துவதற்கு முன்னமே இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். வாப்பாவுக்குக் காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை. திரையில் ஓர் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கேள்வியே உங்களுக்கு வந்திருக்காது என்பதையும் கவனியுங்கள்.

இன்னொன்று. இரண்டு கண் உள்ள சாதாரண சென்சர் ஈரத்துக்குத் தாங்காது. ஒற்றைக் கண் உள்ள, தண்ணீர் புகாத வகைக்கு மாற்றினால் அதற்குக் கிட்டத்தட்ட 20 செ.மீ குருட்டுத் தூரம் இருக்கும், தண்ணீர் அதைவிடக் கிட்ட வந்தால் கண்டபடி எண் வரும். ஆகவே மூடியில் இருந்து சற்று உயர்த்திப் பூட்டுங்கள்.

கேள்வி: ஆர்டுயினோ அனுப்பும் எண்கள் கணினியில் வரிவரியாக ஓடுகின்றன. அதைக் கோடாக்க என்ன மென்பொருள் வாங்க வேண்டும்? என்னிடம் இருப்பது பழைய டெஸ்க்டொப்.
– வாழைச்சேனை

பதில்: காசு கொடுத்து ஒன்றும் வாங்க வேண்டாம். ஆர்டுயினோ மென்பொருளுக்குள்ளேயே, டூல்ஸ் மெனுவில், சீரியல் பிளொட்டர் என்று ஒன்று 2015 இல் இருந்து இருக்கிறது. எண்ணை ஒரு வரிக்கு ஒன்றாக அனுப்பினால் ஒரு கோடு, கமா போட்டு இரண்டு எண் அனுப்பினால் இரண்டு கோடு. எண்ணுக்கு முன்னால் பெயரும் முக்காற்புள்ளியும் போட்டு அனுப்பினால் கோட்டுக்குப் பெயரும் வரும். சென்சர் உயிரோடு இருக்கிறதா, கையால் மூடினால் அசைகிறதா என்று பார்க்க இது போதும்.

ஆனால் அதை நம்பி ஆராய்ச்சி செய்யாதீர்கள். கோடு திரையின் இடது பக்கத்தால் வெளியே போனால் போனதுதான், எங்கேயும் சேமிப்பதில்லை. கீழே ஓடும் எண்களும் நேரம் இல்லை, எத்தனையாவது வாசிப்பு என்பது மட்டும்தான். நேற்று இரவு 2 மணிக்கு என்ன நடந்தது என்று அதனிடம் கேட்க முடியாது.

அதற்குப் பைத்தன் என்ற நிரல் மொழி. பைசீரியல் என்ற நிரல் தொகுப்பு யூ.எஸ்.பி வயரில் வரும் வரிகளை வாசிக்கும், மெட்பிளொட்லிப் கோடு போடும், இரண்டும் இலவசம். எழுத வேண்டியது பத்துப் பதினைந்து வரி: ஒரு வரி வாசி, அதன் முன்னால் கணினிக் கடிகாரத்தின் திகதியையும் நேரத்தையும் ஒட்டு, கமா போடு, சி.எஸ்.வி கோப்பில் எழுது, எழுதியதை அந்தக் கணமே டிஸ்குக்குத் தள்ளு, அடுத்த வரிக்குப் போ. அந்தத் தள்ளும் வேலைக்குப் பிளஷ், அதன்பின் எப்சிங்க் என்று இரண்டு கட்டளைகள் இருக்கின்றன, இரண்டையும் விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது கடைசியாக வந்த வரிகள் நினைவகத்திலேயே செத்துப்போகும், நமக்கு வேண்டியதோ பெரும்பாலும் அந்தக் கடைசி வரிகள்தான். கோப்பை எப்போது வேண்டுமானாலும் எக்செலில் திறந்து கோடு போடலாம். மைக்ரோசொப்ட் 365 இருப்பவர்களுக்கு டேட்டா ஸ்ட்ரீமர் என்ற ஒன்று எக்செலுக்குள்ளேயே இருக்கிறது, அது ஆர்டுயினோவில் இருந்து நேரடியாக வாங்கும். பழைய டெஸ்க்டொப் இந்த வேலைக்குத் தாராளம்.

முதல் நாள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கொம் போர்ட் என்பது ஆர்டுயினோவின் எண்கள் கணினிக்குள் வரும் வாசல், அதை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பிடிக்கலாம், ஆர்டுயினோ மொனிட்டர் திறந்திருந்தால் பைத்தனுக்குக் கதவு பூட்டு. விலை குறைந்த போர்டுகளில் சி.எச்.340 என்ற சிப் இருக்கும், அதற்கு டிரைவர் போடாவிட்டால் சில கணினிகளுக்குப் போர்ட்டே தெரியாது. ஆர்டுயினோ ஊனோ என்ற வகைப் போர்டில் போர்ட்டைத் திறந்தவுடன் போர்டு ஒரு தரம் ரீசெட் ஆகும், ஆகவே முதல் இரண்டு செக்கன் வருவதைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

கேள்வி: குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றை நானே செய்தேன். ரெஜிபோம் பெட்டி, இரண்டு மின்குமிழ், தெர்மோஸ்டாட். திரையில் எப்போது பார்த்தாலும் 37.5 க்குக் கிட்டத்தான் நிற்கிறது. ஆனால் 40 முட்டையில் 17 தான் பொரித்தது, அதுவும் ஒரு பக்கத்து முட்டைகள்தான் கூடுதலாக. மகள் ஆர்டுயினோ படிக்கிறாள். கோடு போட்டுப் பார்த்தால் காரணம் தெரியுமா அண்ணே?
– ஏறாவூர்

பதில்: தெரியும், தம்பி. நீங்களே பாதி விடையை எழுதிவிட்டீர்கள்: "ஒரு பக்கத்து முட்டைகள்". தெர்மோஸ்டாட்டின் மூக்கு பெட்டிக்குள் ஒரே இடத்தில் நிற்கிறது, அந்த இடத்தின் சூட்டைத்தான் அது சொல்லும். நீங்கள் பார்க்கும்போது என்ன இருக்கிறதோ அதைத்தான் சொல்லும். விடியப்புறம் நாலு மணிக்கு, தூர மூலையில், முட்டைக்குப் பக்கத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அந்த ஆளை மகள் செய்து தரட்டும்.

மேலே சொன்ன அதே டி.எஸ்.18பி20 மூன்று வாங்குங்கள். இதில் ஒரு வசதி, ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையிலேயே 64 பிட்டில் ஒரு தனி இலக்கம் கொடுத்திருக்கிறார்கள், அதனால் மூன்றையும் ஒரே மூன்று வயரில் கட்டலாம், ஆர்டுயினோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொன்றிடமும் கேட்கும். தரவு வயருக்கும் 5 வோல்ற்றுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் தடையி ஒன்று, மூன்றுக்கும் சேர்த்து ஒன்றே போதும்.

பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னால் மூன்றையும் ரப்பர் வளையத்தால் சேர்த்துக் கட்டி ஒரு கோப்பைத் தண்ணீரில் பத்து நிமிடம் விட்டு, கோடு போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் அரைப் பாகை கூடவோ குறையவோ காட்டலாம் என்றுதான் தயாரிப்பாளர் உத்தரவாதமே கொடுக்கிறார், ஆகவே ஒரே தண்ணீரில் இரண்டுக்கு நடுவில் ஒரு பாகை வரைக்கும் வித்தியாசம் வந்தாலும் அது குற்றமில்லை. அந்த வித்தியாசத்தை எழுதி வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள். முட்டை விஷயத்தில் ஒரு பாகை சின்ன விஷயம் இல்லை. இடித்த ஐஸ் நிரம்பிய தண்ணீரில் விட்டால் 0 காட்ட வேண்டும், அது இன்னும் நல்ல சோதனை.

அப்புறம் ஒன்றை தெர்மோஸ்டாட்டின் மூக்கோடு, ஒன்றைக் குமிழ்ப் பக்கத்து முட்டைகளின் நடுவில், ஒன்றைத் தூர மூலையில் முட்டை மட்டத்தில். குமிழின் வெளிச்சம் நேரே படாமல் ஒரு துண்டு அட்டையால் மறையுங்கள். நான் ஒரு தரம் வீட்டில் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் சென்சர் வைத்து மூன்று நாள் கோடு போட்டேன். மூன்று நாளும் பின்னேரம் 3.40 க்குக் கோடு திடீரென்று நிமிர்ந்து 20 நிமிடத்தில் விழுந்தது. பால் உறைவதில் ஏதோ நடக்கிறது என்றே நினைத்தேன். நாலாம் நாள் அந்த நேரத்துக்குப் போய் நின்று பார்த்தால், காற்று வருவதற்குச் சுவரில் விட்ட துவாரத்தால் ஒரு வெயில் துண்டு, உள்ளங்கை அகலம்தான், நகர்ந்து வந்து நேரே சென்சரின் மேல் ஏறுகிறது. நேரத்தை எழுதி வைத்திராவிட்டால் எந்த நேரத்துக்குப் போய் நிற்பது என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

பத்துச் செக்கனுக்கு ஒரு வரி எழுதினால் போதும். ஒரு நாளைக்கு 8,640 வரி, 21 நாளைக்கு 1,81,440 வரி, எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரி வரை கொள்ளும், ஆகவே பயமில்லை.

முதல் நாளே ஒரு வாள் பல் போன்ற கோடு வரும். குமிழ் எரியும்போது ஏறும், அணைந்தபின் இறங்கும். பல்லின் உயரம் உங்கள் தெர்மோஸ்டாட் எவ்வளவு பொறுத்திருந்து வேலை செய்கிறது என்று சொல்லும். பல் அரைப் பாகை என்றால் நல்லது. இரண்டு பாகை என்றாலும் உடனே பதற வேண்டாம், காற்று ஆடுகிற அளவுக்கு முட்டைக்குள் சூடு ஆடாது, முட்டை மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். நான் முதலில் பார்க்கச் சொல்வது மூன்று கோடுகளில் ஒவ்வொன்றின் சராசரியையும். மூக்கில் 37.5, குமிழ்ப் பக்கம் 38.9, தூர மூலை 36.2 என்று நாள் முழுக்க ஓடினால், உங்கள் 23 முட்டைக்கும் காரணம் பெரும்பாலும் அதுதான். காற்றைக் கலக்கி விடுகிற சின்னக் கணினி விசிறி ஒன்றைப் பூட்டிவிட்டுத் திரும்பக் கோடு போடுங்கள், மூன்றும் ஒன்றுக்குக் கிட்ட ஒன்று வருவதை அன்றைக்கே காண்பீர்கள். 37.5 என்ற கணக்கே விசிறி உள்ள பெட்டிக்குச் சொன்னது.

கோட்டில் இடையிடையே 85 என்றோ, மைனஸ் 127 என்றோ ஒரு குத்து வந்தால் மகள் பயப்பட வேண்டாம். 85 என்பது அந்தச் சிப் கரண்ட் வந்தவுடன், அளப்பதற்கு முன்னால், கையில் வைத்திருக்கும் எண். முழு நுணுக்கத்தில் அளக்க அதற்கு 750 மில்லிசெக்கன் வரை வேண்டும், அதற்கு முன் கேட்டால் அதைத் தந்துவிடும். மைனஸ் 127 வந்தால் சென்சர் பேசவில்லை, வயரைப் பாருங்கள். இந்த இரண்டையும் கோடு போடும்போது தவிர்க்கலாம், கோப்பில் இருந்து அழிக்க வேண்டாம். எந்த நேரத்தில் வயர் விட்டது என்பதும் ஒரு செய்தி.

கரண்ட் போகும் இரவுதான் இந்தக் கோட்டின் அருமை தெரியும். லப்டொப் பற்றரியில் ஓடிக்கொண்டு எழுதிக்கொண்டே இருக்கும், கோடு மெல்லச் சரிந்துகொண்டு போகும். 37 இல் இருந்து 34 க்கு வர உங்கள் பெட்டிக்கு எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று ஒரு தரம் தெரிந்துவிட்டால், அடுத்த முறை எப்போது சுடுதண்ணீர்ப் போத்தல் வைக்க எழும்ப வேண்டும் என்று நீங்களே முடிவெடுக்கலாம். ஆனால் லப்டொப் தூங்கிவிடாமல் ஸ்லீப்பை முழுதாக நிறுத்துங்கள், மூடியை மூடினாலும் ஓடும்படி வையுங்கள், விண்டோஸ் தானாக அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆவதையும் தள்ளிப்போடுங்கள். 21 நாள் கோப்பில் 13 ஆம் நாள் இரவு வெறுமையாகக் கிடந்தால் மனசு விட்டுப்போகும்.

சூடு சரியானாலும் 18 ஆம் நாள் வரை முட்டையைப் புரட்டுவதும், கடைசி மூன்று நாள் ஈரப்பதனைக் கூட்டுவதும் உங்கள் கையில்தான். அதற்கும் சென்சர் வேண்டுமென்றால் டி.எச்.டி.22 வாங்குங்கள், டி.எச்.டி.11 வேண்டாம், வெப்பநிலையில் அது 2 பாகை வரைக்கும் பிழைவிடும்.

கேள்வி: விஞ்ஞானக் கண்காட்சிக்கு எல்.டி.ஆர் ஒன்றால் வெளிச்சத்தை அளந்து கோடு போடுகிறோம். கோடு நடுங்கிக்கொண்டே இருக்கிறது, வயரைத் தொட்டால் இன்னும் ஆடுகிறது. வேறு சென்சர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கவா?
– பாடசாலை மாணவி, கல்முனை

பதில்: வாங்காதீர்கள் தங்கச்சி. நீங்கள் பார்ப்பது உங்கள் வகுப்பறைச் சுவருக்குள் ஓடும் கரண்ட். எல்.டி.ஆரின் ஒரு காலை 5 வோல்ற்றிலும் மற்றக் காலை ஆர்டுயினோவின் ஏ0 என்ற உள்ளீட்டிலும் குத்திவிட்டு, தரைக்குத் தடையி போடாமல் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இருட்டில் எல்.டி.ஆரின் தடை மெகா ஓம் கணக்கில் போய்விடும், அப்போது அந்தக் கால் எதிலும் கட்டாத தோணி மாதிரி மிதக்கும், பக்கத்தில் ஓடும் 230 வோல்ற்று வயர் அதைத் தூரத்தில் இருந்தே ஆட்டும். தொட்டால் உங்கள் உடம்பே அன்டெனா. ஏ0 வுக்கும் தரைக்கும் நடுவில் 10 கிலோ ஓம் ஒன்று போடுங்கள், பாதி நடுக்கம் அங்கேயே அடங்கும். லப்டொப் சார்ஜரைக் கழற்றியும் பாருங்கள், சில சார்ஜர்கள் இதைக் கூட்டும்.

ஆனால் அதைச் சரிசெய்வதற்கு முன்னால் ஒரு தரம் வடிவாகப் பாருங்கள், கண்காட்சிக்கு அதுவே ஒரு நல்ல விஷயம். 2 மில்லிசெக்கனுக்கு ஒரு தரம் வாசித்து அனுப்பச் சொல்லுங்கள். கணினிக்கு அனுப்பும் வேகத்தை 115200 இல் வையுங்கள், 9600 இல் செக்கனுக்கு 960 எழுத்துத்தான் போகும், நாலு இலக்க எண்ணும் வரி முடிவும் சேர்ந்து ஆறு எழுத்து, 160 வரிக்கு மேல் போகாது, உங்களுக்கு வேண்டியது 500. இப்போது கோட்டில் மேட்டில் இருந்து மேட்டுக்கு எத்தனை புள்ளி என்று எண்ணுங்கள். 10 புள்ளி என்றால் 20 மில்லிசெக்கன், அதாவது 50 ஹேர்ட்ஸ், நம் நாட்டு மின்சாரத்தின் மீடிறன். 5 புள்ளி என்றால் 100 ஹேர்ட்ஸ், அது வயரில் வந்தது இல்லை, மேலே எரியும் விளக்கே செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறைகிறது, எல்.டி.ஆர் உண்மையைத்தான் சொல்கிறது. கையால் மூடினால் அது போய்விடும், மற்றது போகாது.

இப்போது 2 ஐ 21 ஆக மாற்றிப் பாருங்கள். 20 மில்லிசெக்கன் அலையை 21 மில்லிசெக்கனுக்கு ஒரு தரம் பார்த்தால், ஒவ்வொரு முறையும் அலையில் இருபதில் ஒரு பங்கு தள்ளித் தள்ளிப் பார்க்கிறோம், 20 வாசிப்பு முடிய, 0.42 செக்கனில் ஒரு முழு அலை மெதுவாக அசைந்து போவது மாதிரிக் கோடு வரும். அப்படி ஓர் அலை உலகத்திலேயே இல்லை! படங்களில் ஓடும் வண்டியின் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றுகிற மாதிரித் தெரிவதும் இதே கதைதான். ஓர் அலையை நம்பிப் பார்க்க வேண்டுமானால் அதன் மீடிறனுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக வாசிக்க வேண்டும், பத்து மடங்கு இருந்தால் வடிவாகத் தெரியும். கோடு அழகாக வந்துவிட்டது என்பதற்காக அதை நம்பிவிடக் கூடாது என்று பார்க்க வருபவர்களுக்குக் காட்ட இந்த இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்.

கடைசியில் நடுக்கத்தை எடுக்க: 1 மில்லிசெக்கன் இடைவெளியில் 20 வாசிப்பு எடுத்துச் சராசரியை அனுப்புங்கள். 20 மில்லிசெக்கனில் 50 ஹேர்ட்ஸ் சரியாக ஒரு தரம், 100 ஹேர்ட்ஸ் சரியாக இரண்டு தரம், இரண்டும் தங்களைத் தாங்களே அழித்துக்கொள்ளும்.

கேள்வி: ஆர்டுயினோ வாங்க இப்போது வசதி இல்லை. போனை வைத்து ஏதாவது செய்யலாமா?
– திருக்கோவில்

பதில்: தாராளமாக. பைபொக்ஸ் என்ற செயலியை ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செய்து 2016 இல் இலவசமாக விட்டார்கள். போனுக்குள் இருக்கும் ஆர்முடுகல் சென்சர், ஒலிவாங்கி எல்லாவற்றையும் அது கோடாக்கும், கோப்பாகத் தரும், ஒரே வைபை வலையில் இருந்தால் கணினித் திரையிலும் பார்க்கலாம். போனை ஒரு துணிப்பையில் போட்டுக் கூரை வளையில் கயிற்றால் கட்டி, கட்டிய இடத்தில் இருந்து போனின் நடுவுக்கு 1 மீற்றர் வரும்படி தொங்கவிட்டு மெல்ல ஆட்டுங்கள். ஒரு முழு ஆட்டத்துக்கு 2 செக்கன் வர வேண்டும். கயிற்றைக் கால் மீற்றர் ஆக்கினால் 1 செக்கன். கட்டு அவிழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்லடிப் பாலத்தடிப் பாடும் மீனின் சத்தத்தைக் கணினியில் பதிந்து வரைபாகப் பார்க்க ஆசை. சும்மா மைக்கைப் பொலித்தீன் பையில் சுற்றி இறக்கினேன், ஒன்றும் வரவில்லை. அம்மப்பா கேட்டிருக்கிறார், நான் கேட்டதில்லை.
– கல்லடி

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முழுநிலா இரவில் தோணியில் போய், துடுப்பை நீருக்குள் விட்டு அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்ட கதையை அம்மப்பா உங்களுக்குச் சொல்லியிருப்பார். அந்தத் துடுப்பு தண்ணீருக்குள் வரும் சத்தத்தை மரத்தின் வழியாகக் காதுக்குக் கொண்டுவருகிறது, அதுவும் ஒரு சென்சர்தான். தண்ணீரில் இருந்து காற்றுக்குச் சத்தம் இலேசில் ஏறி வராது, உங்கள் பைக்குள் மைக்கைச் சுற்றி இருந்தது காற்று, அதனால்தான் ஒன்றும் வரவில்லை.

உங்களுக்கு வேண்டியது பியசோ தட்டு. எலக்ட்ரோனிக்ஸ் கடையில் பஸ்ஸருக்குள் இருக்கும் மஞ்சள் நிறப் பித்தளை வட்டம், அதுதான். அழுத்தம் மாறினால் அது மின்னழுத்தம் தரும். கவசம் உள்ள வயரை ஈயத்தால் ஒட்டி, தட்டை முழுதாக எபொக்சியில் மூழ்கடித்து ஒரு நாள் காயவிடுங்கள், காற்றுக் குமிழ் இருக்கக் கூடாது. ஆனால் இதை நேரே கணினியின் மைக் துளையில் குத்தினால் தாழ்ந்த சத்தங்கள் எல்லாம் போய்விடும். தட்டின் கொள்ளளவு ஏறக்குறைய 20 நானோபரட், மைக் உள்ளீட்டின் தடை 2 கிலோ ஓம் என்றால், 4000 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் படிப்படியாகத் தேய்ந்துவிடும். மீன்கள் போடும் சத்தமோ பெரும்பாலும் 1000 ஹேர்ட்ஸுக்குக் கீழே. அதனால் நடுவில் ஒரு எப்.ஈ.டி திரான்சிஸ்டரால் சின்ன முன்பெருக்கி ஒன்று, உள்ளீட்டில் 1 மெகா ஓம் வைத்துச் செய்யுங்கள், அப்போது 8 ஹேர்ட்ஸ் வரைக்கும் இறங்கலாம். 9 வோல்ற்றுப் பற்றரியில் ஓடட்டும்.

கணினியில் ஒடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் போதும், இலவசம். செக்கனுக்கு 44,100 வாசிப்பு, 16 பிட், ஒற்றைத் தடம், மணித்தியாலத்துக்கு 320 மெகாபைட் அளவில் வரும். விண்டோஸில் மைக்குக்கு இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்துங்கள். மனிதக் குரல் இல்லாத எல்லாவற்றையும் அது இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும், நமக்கு வேண்டியதும் அதோடு போய்விடும். பிறகு ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றி, மேல் எல்லையை 2000 ஹேர்ட்ஸில் வையுங்கள். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் மீடிறன், சத்தம் கூடிய இடம் பிரகாசமாகத் தெரியும். 50, 100, 150 இல் நேர்கோடாகக் கிடப்பது மின்சாரம். படகு மோட்டார் ஏணிப் படி மாதிரி அடுக்கடுக்காக வரும், பாலத்தில் லொறி போனால் அடியில் ஒரு மங்கல் பட்டை. இவை மூன்றையும் முதலில் அடையாளம் கண்டு வைத்துவிட்டால், மிச்சம் இருப்பதைத்தான் தேட வேண்டும்.

1848 செப்டெம்பரில் மட்டக்களப்பு வாவியில் இதைக் கேட்ட எமர்சன் டெனன்ட், அப்போது இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளர், நனைந்த விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்ப்பது மாதிரியான சத்தம் என்று எழுதினார். இங்குள்ள மீனவர்கள் இது மீன் இல்லை, ஓட்டுக்குள் வாழும் ஊரி என்று தன்னிடம் சொன்னதையும், வறண்ட காலத்தில்தான் கேட்கும், மழையில் வாவி பெருகினால் ஓய்ந்துவிடும் என்று அவர்கள் சொன்னதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். மீனா ஊரியா என்ற பேச்சு இன்னும் ஊரில் ஓயவில்லை. ஆனால் அந்த இரண்டாவது பேச்சை, மழைக்கு ஓய்ந்துவிடும் என்பதை, நீங்களும் ஒரு லப்டொப்பும் சோதித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு கிழமையும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில், ஒரே நேரத்தில் அரை மணித்தியாலம் பதியுங்கள், கூடவே தண்ணீரின் மின்கடத்தலையும் வெப்பநிலையையும் ஒரு கோப்பில் எழுதுங்கள், உப்புக் கூடினால் கடத்தல் கூடும். கடத்தலை அளக்கும் இரண்டு கம்பிகளுக்கும் எந்நேரமும் கரண்ட் கொடுத்து வைக்காதீர்கள், கரைந்து போகும், அளக்கும் கணத்துக்கு மட்டும் கொடுங்கள். வெப்பநிலை ஒரு பாகை கூடினால் கடத்தல் 2 வீதம் அளவில் கூடும், அதைத் திருத்திக்கொள்ளுங்கள். சிறுபோகத்தில் தொடங்கி, வடகீழ்ப் பருவமழை கொட்டி, முகத்துவாரம் வெட்டி வெள்ளம் கடலுக்கு இறங்கும் வரைக்கும் விடாமல் எழுதினால், சத்தத்தின் கோடும் உப்பின் கோடும் ஒரே நேர அச்சில் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கிடக்கும். எல்லா வரியிலும் திகதியும் நேரமும் இருக்க வேண்டும், இரண்டு கோப்பையும் பொருத்தும் ஆணி அது ஒன்றுதான்.

தோணியில் லப்டொப் பற்றரியில் மட்டும் ஓடட்டும், கரையில் இருந்து மின்சார வயர் இழுக்கவே கூடாது. தனியாகப் போகாதீர்கள், அம்மப்பாவுக்கு இயலுமென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், எந்தக் கற்பாரடியில் கேட்டது என்று அவருக்குத்தான் தெரியும். அதற்கு முந்திய கிழமையே வீட்டுக் கிணற்றில் தட்டை ஒரு தரம் இறக்கி, மேலே இருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பாருங்கள், திரையில் அந்தச் சொட்டு ஒரு மெல்லிய கோடாக நிமிர்ந்து நிற்க வேண்டும். நின்றால் எனக்கு எழுதுங்கள், அந்தப் படத்தை இந்தப் பக்கத்திலேயே போடுவோம்.